திருத்தந்தையின் போதனை ஒன்றை என் மனம் ஏற்கவில்லை. நான் நற்கருணை வாங்கலாமா?

தென்மாவட்டத்துக் கடலோரப் பங்கு ஒன்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டாவது பிரசவத்தில் இவருக்கு ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வரும் நிலைக்குப் போய்விட்டது. நள்ளிரவில் அவசரச் சிசேரியன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் ஓர் அட்டையில் செருகிய தாளை நீட்ட, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சேர்த்து அதிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். "இன்னொரு தடவை உடம்பு தாங்காதும்மா" என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் தெளிவாக நினைவிருக்கிறதாம். சில மாதம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுது, பாவமன்னிப்பும் பெற்றார்.

அதன்பின் பல வருடங்களாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்து வருகிறார். அண்மையில் ஓர் அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) குடும்ப வாழ்வு பற்றிப் பேச்சு வந்தபோது, "கருத்தடை விஷயத்தில் திருச்சபை சொல்வதை எவ்வளவு யோசித்தாலும் என் மனம் முழுசாக ஏற்க மாட்டேன் என்கிறது" என்று சொல்லிவிட்டார். உடனே பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர் எழுந்து, "திருத்தந்தைக்குத் தவறா வரம் உண்டு. அவர் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி. ஏற்காதவர் தப்பறைக்காரர். நற்கருணை வாங்கக்கூடாது, பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கக்கூடாது" என்றிருக்கிறார். (தவறா வரம் என்றால் போதிக்கும்போது பிழை நேராதபடி காக்கும் வரம், தப்பறை என்றால் விசுவாசத்துக்கு முரணான கொள்கை.) ஆயருக்கு மனு எழுதப்போவதாகவும் சொல்கிறாராம். அன்று முதல் இந்தச் சகோதரி பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் இன்னொரு பக்கம் கேட்கிறாள்: "போப் தப்பாகச் சொல்ல முடியும் என்றால் அவர் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்?"

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: "தவறா வரத்தின் கீழ் வராத போதனை வெறும் ஆலோசனைதானே ஃபாதர்? அப்படியென்றால் என்மேல் குற்றமில்லை, இல்லையா?"

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: நீங்கள் தப்பறைக்காரர் அல்ல. அன்பியத்தில் உங்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பல வருடங்கள் மறைமாவட்ட நீதிமன்றத்தில் திருச்சபைச் சட்டத்தோடு பழகியவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு, நீங்கள் எதிர்பார்க்கிற 'ஆமாம்' என்ற பதிலை என்னால் தர முடியாது. அவர் ஒரு பக்கம் தவறினார் என்றால், நீங்கள் இன்னொரு பக்கம் கொஞ்சம் தவறியிருக்கிறீர்கள். இரண்டையும் பார்ப்போம்.

தவறா வரம் எதுவரைக்கும்

திருத்தந்தையின் தவறா வரத்தைக் கோட்பாடாக அறிவித்தது உலக ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1870 ஜூலை 18 அன்று. அந்த அறிக்கையே அதற்கு வேலி போட்டிருக்கிறது. திருத்தந்தை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர், ஆசிரியர் என்ற பொறுப்பில் நின்று பேச வேண்டும். தன் உச்ச அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். பேசும் பொருள் விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றியதாக இருக்க வேண்டும். அகில உலகத் திருச்சபையும் ஏற்றாக வேண்டிய கோட்பாடு என்று அதை அறுதியாக வரையறுக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தவறா வரம் அங்கே செயல்படவில்லை. அவர் தனிப்பட்ட முறையில் எழுதும் புத்தகம், விமானத்தில் நிருபர்களுக்குத் தரும் பேட்டி, அரசியல் கணிப்பு, யாரை எந்த மறைமாவட்டத்துக்கு ஆயராக்குவது என்ற முடிவு எதுவும் இதில் சேராது. அவர் பாவமே செய்யாதவர் என்ற அர்த்தமும் இல்லை. திருத்தந்தையரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள்.

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 11 அன்று, பிரிக்சன் ஆயர் வின்சென்ட் காஸர் இந்த வரையறையைச் சங்கத்துக்கு விளக்கிச் சுமார் நாலு மணி நேரம் பேசினார். எந்த விதத்திலும் தவறாத தன்மை கடவுள் ஒருவருக்கே உரியது, திருத்தந்தையின் வரத்துக்கு எல்லைகள் உண்டு என்று அதிகாரப்பூர்வமாகவே சொன்னார். "அவர் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி" என்று உங்கள் பங்கில் ஒருவர் சொன்னது, அந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களே ஏற்காத ஒன்று.

அந்தச் சங்கத்தில் நடந்த இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜூலை 13 அன்று நடந்த முன்வாக்கெடுப்பில் 451 பேர் ஆதரவு, 88 பேர் எதிர்ப்பு, 62 பேர் திருத்தங்களோடு ஆதரவு. எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல, பெரிய பெரிய மறைமாவட்டங்களின் ஆயர்கள். திருத்தந்தை ஒன்பதாம் பயஸின் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல மனமில்லாமல் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவருக்குக் கடிதம் எழுதிவிட்டு ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். கடைசி வாக்கெடுப்பில் 533 பேர் ஆதரவு, இரண்டே பேர் எதிர்ப்பு. அந்த இருவரும் உடனே அங்கேயே ஏற்றுக்கொண்டார்கள், ஊருக்குப் போனவர்கள் பிறகு ஒவ்வொருவராக ஏற்றார்கள். முடிவு வருவதற்கு முன் மனதில் பட்டதைச் சொன்னார்கள் என்பதற்காக யாரையும் தப்பறைக்காரர் பட்டியலில் சேர்க்கவில்லை.

இப்படித் தனியாக, அறுதியாக வரையறுக்கப்பட்டவை என்று இறையியலார் ஒருமனதாகச் சுட்டுவது இரண்டைத்தான். மரியாளின் அமல உற்பவம் (ஜென்மப் பாவமின்றி அவர் கருவானது), 1854. அவருடைய விண்ணேற்பு, 1950. அதாவது 1870க்குப் பிறகு ஒரே ஒரு முறை! (பொதுச்சங்கங்கள் வரையறுத்தவையும், உலகெங்கும் உள்ள ஆயர்கள் திருத்தந்தையோடு ஒன்றித்து அறுதியானவை என்று ஒருமித்துக் கற்பிப்பவையும் தவறாதவையே. அது வேறு வழி.) சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் திருச்சபைச் சட்டம் 749, மூன்றாம் பிரிவு விடை சொல்கிறது: ஒரு கோட்பாடு தவறா வரத்தோடு வரையறுக்கப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் ஒழிய, அப்படி வரையறுக்கப்பட்டதாகக் கொள்ளக்கூடாது. 'தவறாதது' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், கேள்வி கேட்பவர் அல்ல.

வரலாற்றில் இது சோதிக்கப்பட்டும் இருக்கிறது. 1331-ல் புனிதர் அனைவர் திருநாளன்று அவிஞ்ஞோன் நகரில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் ஒரு மறையுரை ஆற்றினார். விண்ணகத்தில் இருக்கும் புனிதர்கள்கூட இறுதித் தீர்ப்புவரை கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்றார். அடுத்து வந்த மறையுரைகளிலும் அதையே சொன்னார். பாரிஸ் பல்கலைக்கழக இறையியலார் எதிர்த்தார்கள். இதற்கு எதிராகப் பிரசங்கம் செய்த தொமினிக்கன் துறவி தாமஸ் வாலிஸைச் சிறையில் போட்டார்கள். ஆனால் 1334 டிசம்பரில், சாவதற்கு முந்தின நாள், திருத்தந்தை தன் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-ல் அதற்கு நேர்மாறானதையே விசுவாசக் கோட்பாடாக வரையறுத்தார். யோவான் தன் கருத்தை யார்மீதும் கோட்பாடாகச் சுமத்தவில்லை, தன் எண்ணமாகவே பேசினார். அதனால் தவறா வரத்துக்கு இதில் பங்கம் ஏதும் இல்லை. அவரை எதிர்த்தவர்களும் திருச்சபைக்குள்ளே இருந்துகொண்டுதான் எதிர்த்தார்கள்.

நம் மண்ணிலும் ஒன்று உண்டு. மதுரையில் மறைப்பணியாளர் தத்துவ போதகர் நோபிலி, புதுக் கிறிஸ்தவர்களுக்குப் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அனுமதித்தது பெரிய சர்ச்சையானது. 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1704-ல் ரோமின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்தபடி பல வழக்கங்களுக்குத் தடை விதித்தார். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதிசெய்தார். இங்கே வந்த மறைப்பணியாளர்கள் இந்தத் தடையைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். 1940-ல் ரோம் அந்தச் சத்தியத்தை நீக்கியது. இவையெல்லாம் ஒழுங்குமுறை முடிவுகள். அவற்றுக்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது, ஆனால் மாற முடியாதவை என்று யாரும் சொல்லவில்லை.

உங்களை உறுத்தும் அந்தச் சுற்றுமடல்

இனி உங்கள் விஷயம். திருத்தந்தை ஆறாம் பவுல் 'ஹுமானே வீத்தே' என்ற சுற்றுமடலில் (திருச்சபை முழுவதற்கும் எழுதும் போதனைக் கடிதம்) 1968 ஜூலை 25 தேதியிட்டுக் கையெழுத்திட்டார். இயற்கை முறை அல்லாத கருத்தடையும், கருத்தடை நோக்கத்தோடு செய்யும் ஆபரேஷனும் சரியல்ல என்று அதில் கற்பித்தார். அதற்கு முன் அவருக்கு ஆலோசனை சொல்ல அமைக்கப்பட்ட குழுவில் பெரும்பான்மையோர் மாற்றத்தைப் பரிந்துரைத்திருந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. ஜூலை 29 அன்று வத்திக்கானில் சுற்றுமடலை நிருபர்களுக்கு அறிமுகப்படுத்திய இறையியலார் லாம்புருஸ்கினி, இது தவறா வரத்தோடு வரையறுக்கப்பட்ட அறிக்கை அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே மூச்சில், விசுவாசிகள் இதை உண்மையோடு ஏற்க வேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டும் ஒன்றாகச் சொல்லப்பட்டன என்பதைக் கவனியுங்கள். உங்கள் பங்குப்பேரவை உறுப்பினர் முதல் பாதியைக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் போதனை திருச்சபை தொடர்ந்து கற்பித்து வந்ததால் இறுதியானது, மாற்ற முடியாதது என்று வாதிடும் இறையியலாரும் உண்டு. 1997-ல் குடும்பத்துக்கான வத்திக்கான் அவை, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கென வெளியிட்ட வழிகாட்டியிலும் அப்படித்தான் இருக்கிறது. வேறு பலர் இதை மறுக்கிறார்கள், விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தக் கடுமையான பார்வையை எடுத்துக்கொண்டால்கூட உங்கள்மேல் 'தப்பறை' என்ற சொல் ஒட்டாது. சட்டம் 751-ன்படி தப்பறை என்பது, கடவுள் வெளிப்படுத்தியதாகத் திருச்சபை முன்வைக்கும் உண்மையைப் பிடிவாதமாக மறுப்பது அல்லது பிடிவாதமாகச் சந்தேகிப்பது. மூவொரு கடவுள், கிறிஸ்துவின் உயிர்ப்பு போன்றவை அந்த வரிசை. கருத்தடை பற்றிய போதனை அந்த வரிசையில் வைக்கப்படவில்லை. உங்கள் கடிதத்தில் பிடிவாதமும் இல்லை. 'யோசித்தும் ஏற்க முடியவில்லை' என்பது தவிப்பு.

'வெறும் ஆலோசனை' அல்ல

அப்புறம், உங்கள் கேள்வி. தவறா வரத்தோடு வரையறுக்கப்படாத போதனை என்றால் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்பதல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் திருச்சபை பற்றிய கோட்பாட்டுத் தொகுப்பின் 25-ஆம் எண்ணில், இப்படிப்பட்ட போதனைக்கும் மனத்தாலும் சித்தத்தாலும் சமயப் பணிவு காட்ட வேண்டும் என்கிறது. எவ்வளவு பணிவு என்பது அந்தப் போதனை எந்த வகை ஆவணத்தில் வந்தது, எத்தனை முறை வலியுறுத்தப்பட்டது, எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஹுமானே வீத்தே ஒரு திருத்தந்தையின் சுற்றுமடல். அடுத்து வந்த திருத்தந்தையரும் அதைத் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். எனவே அதன் கனம் பெரிது.

நடைமுறையில் இந்தப் பணிவு எப்படி இருக்கும்? போதனை சரியாக இருக்கும் என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டும். அதை முழுதாகப் படிக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரியை அல்ல. அதன் காரணங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், ஜெபிக்க வேண்டும், தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். 'எனக்கு வசதியில்லை என்பதால்தான் மறுக்கிறேனா?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஏற்க மறுத்தால்? அப்படியும் நேரும் என்று திருச்சபைக்குத் தெரியும். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1990-ல் இறையியலாருக்கென வெளியிட்ட அறிவுறுத்தல், உண்மையான மனத்தோடு முயன்றும் ஏற்க முடியாத நிலை ஒருவருக்கு வரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அப்படிப்பட்டவர் கூட்டம் சேர்த்து எதிர்க்காமல், அமைதியாகவும் பொறுமையாகவும் உண்மையைத் தேட வேண்டும் என்கிறது. அந்தத் தேடல் வேதனையானது என்பதையும் அது மறைக்கவில்லை.

நான் இந்தப் போதனையை ஏற்கிறவன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஆலோசனை சொல்வது நியாயமில்லை. ஆனால் பிரசவ வார்டில் உங்களைப்போலக் கையெழுத்துப் போட்ட பெண்கள் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திருச்சபையை உதறித் தள்ளும் எண்ணத்தில் அந்தப் பேனாவைப் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. சுற்றுமடலை எழுதிய ஆறாம் பவுலே அதன் 25-ஆம் எண்ணில், தம்பதியர் தவறினாலும் மனம் தளராமல் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) இறை இரக்கத்தைத் தேடட்டும் என்கிறார். 29-ஆம் எண்ணில் குருக்களிடம், போதனையைக் குறைக்காதீர்கள், ஆனால் ஆண்டவர் காட்டிய பொறுமையையும் பரிவையும் அதோடு சேர்த்தே காட்டுங்கள் என்கிறார். இந்த இரண்டு பத்திகளும் அன்பியக் கூட்டங்களில் வாசிக்கப்படுவதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

மனச்சான்று பற்றியும் எழுதியிருந்தீர்கள். "என் மனச்சான்று சொல்கிறது, அத்தோடு முடிந்தது" என்ற உங்கள் வரியில் எனக்குச் சின்னத் தயக்கம். ஆங்கிலேய இறையியலார் கர்தினால் நியூமன் 1875-ல் வெளியான தன் கடிதத்தில், விருந்தில் மதத்துக்காகக் கிண்ணம் உயர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் திருத்தந்தைக்காகவும் உயர்த்துவேன், ஆனால் முதலில் மனச்சான்றுக்கு, பிறகு திருத்தந்தைக்கு என்று எழுதினார். 2019-ல் புனிதராக்கப்பட்டவர் அவர். இந்த ஒரு வரியைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கடிதத்தில், மனச்சான்றுக்கு உரிமைகள் இருப்பது அதற்குக் கடமைகள் இருப்பதால்தான் என்றும், இஷ்டப்படி நடப்பதற்கு மனச்சான்று என்று பெயர் வைக்கக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதை விட்டுவிடுகிறார்கள். உறுதியான மனச்சான்றுக்கு எதிராக நடக்க யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. அந்த மனச்சான்றைப் பயிற்றுவிக்கும் வேலையும் உங்களுடையதுதான். அது ஒரு நாளில் முடியாது.

நற்கருணை, வகுப்பு, மனு

நற்கருணையை ஏன் நிறுத்தினீர்கள்? உங்களைத் தடுத்தது யார்? பங்குத்தந்தை அல்ல, ஆயர் அல்ல, சட்டமும் அல்ல. சட்டத்தால் தடுக்கப்படாத திருமுழுக்குப் பெற்ற எவரையும் நற்கருணைக்கு அனுமதிக்க வேண்டும் என்கிறது சட்டம் 912. நற்கருணையை மறுக்கச் சொல்லும் 915, கண்டனத் தீர்ப்புப் பெற்றவர்களையும், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நீடிப்பவர்களையும் பற்றியது. பல வருடம் முன்பு நடந்து, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் பெற்ற ஒன்று அதில் எப்படி வரும்? ஆபரேஷனை மாற்றிச் செய்துகொண்டால்தான் மன்னிப்பு என்ற நிபந்தனையும் திருச்சபைச் சட்டத்தில் இல்லை. கருத்தடை ஆபரேஷனுக்குத் திருச்சபை நீக்கம் என்ற தண்டனையும் கிடையாது. கருக்கலைப்புக்கான சட்டத்தோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"அன்றைக்கு வேறு வழி இருந்ததாக எனக்கு இன்றும் தோன்றவில்லை, அப்படியானால் என் பாவசங்கீர்த்தனம் செல்லாதா?" என்று கேட்கிறீர்கள். கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். பயமும் நெருக்கடியும் பொறுப்பைக் குறைக்கும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735-ஆம் எண்ணில் சொல்கிறது. உயிர் பிழைப்போமா என்று தெரியாத இரவில் நீட்டப்பட்ட தாள் அது. நீங்கள் அன்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள், குரு மன்னிப்பு வழங்கினார். அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள். இன்னும் உறுத்தினால், உங்கள் பங்கைச் சேராத நிதானமான ஒரு குருவிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். வரும் ஞாயிறு நற்கருணை வாங்குங்கள்.

வகுப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மறைக்கல்வி ஆசிரியர் திருச்சபையின் பெயரால் பேசுகிறவர். பத்தாம் வகுப்புப் பிள்ளை உங்களிடம் கருத்தடை பற்றிக் கேட்டால், திருச்சபை என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதை அதன் முழு பலத்தோடு சொல்வது உங்கள் கடமை. உங்கள் சொந்தத் தவிப்பை அங்கே இறக்கி வைக்கக்கூடாது. உங்களால் இதை நேர்மையாகச் செய்ய முடியும் என்றால் தாராளமாகத் தொடருங்கள். அந்த ஒரு பாடம் மட்டும் தொண்டையில் சிக்குகிறது என்றால், அதை வேறோர் ஆசிரியர் எடுக்கட்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்பதில் வெட்கமில்லை. அன்பியம் வகுப்பறை அல்ல. அங்கே உங்கள் கஷ்டத்தைப் பணிவோடு சொன்னது தவறில்லை. தங்கள் எண்ணத்தை மேய்ப்பர்களிடமும், திருச்சபையின் ஒற்றுமைக்கும் பிறருடைய மாண்புக்கும் ஊறு வராதபடி மற்ற விசுவாசிகளிடமும் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் 212 தருகிறது. சில நேரம் அது கடமையே என்றும் சொல்கிறது. ஆனால் ஒரு யோசனை: அதே கருத்தை ஃபேஸ்புக்கில் போட்டு ஆதரவு திரட்டப் போகாதீர்கள். 1990 அறிவுறுத்தல் எச்சரிப்பது அந்த வழியைத்தான்.

மனு வந்தால் பயப்பட வேண்டாம். அதிகாரப்பூர்வமான போதனையை மறுப்பவருக்குத் தண்டனை பற்றிப் பேசும் சட்டம் 1365-கூட, ஆயரோ ரோமிலுள்ள திருப்பீடமோ முறையாக எச்சரித்த பிறகும் பிடிவாதமாகத் திரும்பாதவரைப் பற்றியதுதான். உங்களுக்கு அப்படி ஓர் எச்சரிக்கையே வரவில்லை. எல்லார் முன்னாலும் தப்பறைக்காரர் என்று சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பதைச் சட்டம் 220 தடுக்கிறது. அதை வைத்து அவர்மேல் பதில் மனு எழுதலாமா என்றால், எழுதலாம், உரிமை உண்டு. இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பங்கு இரண்டாகப் பிளக்கும், உங்கள் பிள்ளைகளும் அங்கேதான் பூசைக்குப் போக வேண்டும்.

அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி இருந்தது. பாலியல் குற்றவாளிகளை நடுரோட்டில் தூக்கில் போட வேண்டும் என்று அவர் இன்னொரு கூட்டத்தில் ஆவேசமாகப் பேசினாராம். 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். அதுவும் சமயப் பணிவு கேட்கும் போதனைதான். இதை வைத்து அவரைக் கூட்டத்தில் மடக்காதீர்கள். தனியாகச் சந்திக்க வாய்ப்பு வந்தால், "உங்களுக்கும் ஒரு போதனை கஷ்டமாக இருக்கிறது, எனக்கும் ஒன்று கஷ்டமாக இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்கலாம். அவரும் திருச்சபையை நேசிக்கிறவர், உங்களைப்போலவே. அவர் பயம் எனக்குப் புரிகிறது: ஒரு செங்கல்லை உருவினால் சுவரே விழுந்துவிடுமோ என்ற பயம் அது.

உங்கள் மகளின் கேள்வியிலும் அதே பயம்தான் வேறு உருவத்தில் இருக்கிறது. அவளிடம் வாதம் செய்வதைவிட, கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உண்பதை நிறுத்திக்கொண்டபோது பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். அதற்காகப் பவுல் பேதுருவை விட்டுப் பிரிந்து வேறு சபை தொடங்கவில்லை. பேதுரு தலைவர் என்பதும் அதனால் இல்லாமல் போகவில்லை. எப்போதும் சரியாக நடப்பவர் என்பதற்காக நாம் திருத்தந்தைக்குச் செவிசாய்ப்பதில்லை. சகோதரரை உறுதிப்படுத்தும் பணியைக் கிறிஸ்து பேதுருவுக்குக் கொடுத்தார், அது அவர் வழிவந்தவரிடம் தொடர்கிறது என்று நம்புவதால் செவிசாய்க்கிறோம். அவள் அடுத்துக் கேட்கும் கேள்வியையும் எழுதி அனுப்புங்கள்.

இந்த வாரமே பங்குத்தந்தையிடம் நேரம் கேளுங்கள். முடிந்தால் கணவரும் உடன் வரட்டும். நடந்ததைக் கோபமில்லாமல் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: மறைக்கல்விப் பணியில் நான் தொடர்வதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, அன்பியத்தில் இந்தப் பேச்சு இனி வராமல் பார்த்துக்கொள்வீர்களா. பங்கில் மறைக்கல்விக்குப் பொறுப்பு அவர்தான், ஆசிரியரை மாற்றும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஒருவேளை உங்களை நிறுத்தினால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆயரிடம் முறையிடலாம். ஆனால் அதற்குச் சட்டம் தரும் அவகாசம் நாள்கணக்கில்தான் இருக்கிறது, அதனால் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வைத்துவிட்டு, உடனே எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.